கண்டும் அறியாத கிருமி

ஒரு பொருளைக் காண்பது வேறு; கண்டதை இன்னதென அறிவது வேறு. மருத்துவ வரலாற்றில் இவ்வுண்மையை விளக்குதற்குச் சைட்டோமெகலோவைரஸ் என்னும் நச்சுயிரியின் வரலாறு தக்க சான்றாகும். கருவுற்ற தாயிடம் பெரும்பாலும் எவ்வித நோய்க்குறியும் காட்டாமல் தங்கி, கருவிலுள்ள குழந்தையைப் பற்றவல்ல கிருமி இது. இதன் சுவடு முதன்முதலில் கண்ணிற்பட்ட நாளுக்கும், ஆய்வுக்கூடத்தில் கிருமியே கைக்கு அகப்பட்ட நாளுக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு கழிந்தது.

1881ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பான் நகரில், ஹியூகோ ரிப்பெர்ட் என்னும் அறிஞர் இறந்து பிறந்த சிசு ஒன்றின் சிறுநீரகத்தை நுண்ணோக்கி வழியே ஆராய்ந்தார். இயல்பான அளவினும் மிகப் பருத்த உயிரணுக்கள் சில அங்குத் தென்பட்டன. அவை யாவை என்று அவரால் உரைக்க இயலவில்லை. 1904இல் ஜெசியோனெக், கியோலெமெனோகுளு என்னும் இருவர், எட்டு மாதக் கருவொன்றில் அத்தகைய உயிரணுக்களைக் கண்டு எழுதினர். அதன் பின்னரே ரிப்பெர்ட், 23 ஆண்டுகளுக்கு முன் தாம் கண்டதையும் வெளியிட்டார். அவை உடலுள் புகுந்த ஒற்றையணு உயிரிகள் என்பதே அன்றையோர் துணிபு.

அத்துணிபு 1921இல் ஆட்டங்கண்டது. குட்பாஸ்சர், டால்பட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், அவை வெளியிலிருந்து வந்த உயிரிகள் அல்ல, குழந்தையின் சொந்த உயிரணுக்களே அவ்வாறு பருத்துள்ளன என்று விளக்கி, அந்நிலைக்குச் சைட்டோமெகலியா எனப் பெயரிட்டனர். நச்சுயிரியே இதற்குக் காரணமாகலாம் என்று லிப்சூட்ஸ் என்பாரும் அதே ஆண்டில் கருதினார். ஆயினும் அதனை மெய்ப்பிக்க வழியில்லை. உயிருள்ள அணுவினுள் அன்றி நச்சுயிரி பெருகாது. மனித அணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அவற்றில் நச்சுயிரியைப் பெருக்கும் முறை அன்று செம்மையுறவில்லை.

இதற்கிடையே, 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கருவுற்ற காலத்தில் ருபெல்லா என்னும் அம்மை கண்ட தாய்மாருக்குக் கண்புரையுடன் குழந்தைகள் பிறந்தமையை எடுத்துரைத்தார். தாய்க்கு எளிதாய் வந்து நீங்கும் நோயும் சேய்க்குப் பெருங்கேடு விளைக்கும் என்பதை மருத்துவ உலகம் அதன் பின்னரே மெல்ல மெல்ல ஏற்றது.

1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் ஆகிய மூவரும் இளம்பிள்ளை வாத நச்சுயிரியைத் திசு வளர்ப்பில் பெருக்கிக் காட்டினர். 1954இல் நோபல் பரிசும் பெற்றனர். அவர்கள் திறந்த வழியே பிறர்க்கும் பயன்பட்டது. 1956இல் செயின்ட் லூயிஸ் நகரில் மார்கரெட் சுமித் அம்மையாரும், பெதஸ்டாவில் வால்லஸ் ரோவும், 1957இல் பாஸ்டனில் தாமஸ் வெல்லரும் தனித்தனியே அந்நச்சுயிரியைப் பிரித்தெடுத்தனர். வெல்லர் தேடியதோ வேறொரு கிருமி. நோயுற்ற குழந்தையின் கல்லீரல் துணுக்கில் அவருக்குக் கிடைத்ததோ இது. 1960இல் அவரும் அவர்தம் துணைவரும் இன்றைய பெயரை முன்மொழிந்தனர்.

அறிந்த பின் தெரியவந்த செய்தி எளிதன்று. அமெரிக்காவில் ஏறத்தாழ 200 குழந்தைகளுள் ஒன்று இத்தொற்றுடன் பிறக்கிறது. அவ்வாறு பிறப்பனவற்றுள் ஐந்தில் ஒன்றுக்குக் காது கேளாமை முதலான நீடித்த குறைகள் நேர்கின்றன. எல்லார்க்கும் பயன்படும் தடுப்பூசி இதுவரை அமையவில்லை. நோயறிகுறியுடன் பிறந்த சிசுக்களுக்கு ஆறு மாதம் மருந்தளித்தால் செவிப்புலன் ஓரளவு காக்கப்படலாம் என்று 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2023 முதல் பிறக்கும் குழந்தைகள் அனைவரையும் இதற்கெனச் சோதித்து வருகிறது.

இந்நச்சுயிரி சிறுகுழந்தைகளின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் நெடுநாள் வெளிப்படும். ஆதலின் மூத்த குழந்தையை வளர்த்துக்கொண்டே அடுத்த குழந்தையைச் சுமக்கும் தாய், ஈரத்துணி மாற்றிய பின்னும் குழந்தையின் வாயைத் துடைத்த பின்னும் கைகழுவுதல் வேண்டும். குழந்தை உண்ட மிச்சத்தைத் தாய் உண்பது நம்மவர் வழக்கம். அவ்வழக்கில் அன்பு உண்டு என்பதை யார் மறுப்பர்? எனினும் வயிற்றில் வளரும் பிள்ளையின் பொருட்டு அச்சில மாதங்கள் அதனைத் தவிர்ப்பதும் அன்பே.

ஆசிரியராகிய நாமும் இதிற் கற்க வேண்டுவது ஒன்றுண்டு. இத்தொற்றால் வரும் செவிட்டுத்தன்மை பிறந்தவுடன் தோன்றாது, சில ஆண்டுகள் கழித்துச் சிறிது சிறிதாகத் தலைகாட்டுவதும் உண்டு. பிறப்பில் நன்கு கேட்ட செவி, பள்ளி வயதில் மந்தமாகலாம். அழைத்தும் திரும்பாத மாணவனைக் கவனமற்றவன் எனக் கடிந்த ஆசிரியருள் நானும் ஒருவன். அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். அதன் காரணம் யாதென நான் அறியேன். ஆயினும், என் கடுமொழி அக்குறையைத் தீர்க்கவில்லை என்பதை அறிவேன்.

ரிப்பெர்ட் தம் கண்முன் இருந்ததை அறியாமற்போனது அவர் குற்றமன்று. அதற்குரிய கருவிகள் அன்று இல்லை. நமக்கோ அறிவு கைவசம் உள்ளது. கருவுற்ற தாய்மார்க்கு இதனைச் சொல்லாமல் விடுவதும், வகுப்பின் கடைசி வரிசையில் விழித்திருக்கும் பிள்ளையின் செவியைச் சோதியாமல் விடுவதும், கண்டும் அறியாதார் செயலாகவே முடியும்.