உடல் எடை குறையப் பழம் உதவுமா? எதற்குப் பதிலாகச் சாப்பிடுகிறோம் என்பதே கணக்கு

கமுந்திங் – தைப்பிங்கை ஒட்டிய கமுந்திங் வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை பல குடும்பங்களின் பிழைப்பு பால்மரக் காட்டில்தான் இருந்தது. விடியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பால் வாளியைச் சுமந்து நடந்தவர்கள் அவர்கள். சோறும் இனிப்புத் தேநீரும் அந்த உழைப்பில் கரைந்துவிடும். இன்று அவர்களின் பிள்ளைகளில் பலர் கையுறைத் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்கிறார்கள். உழைப்பின் தன்மை மாறிவிட்டது. தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது.

சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். 2023இல் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. 2019இல் இந்தியர்களிடையே நீரிழிவு 31.4 விழுக்காடு, நாட்டின் சராசரி 18.3 மட்டுமே. அதே ஆய்வில் 94.9 விழுக்காட்டினர் போதிய பழமும் காய்கறியும் உண்பதில்லை என்றும் தெரியவந்தது.

பழம் எப்படி உதவுகிறது?

பழத்தில் நீரும் நார்ச்சத்தும் அதிகம்; கலோரி குறைவு. மென்று தின்ன நேரம் எடுப்பதால் வயிறு நிறைந்த உணர்வு வரும். 100 கிராமில் உள்ள கலோரி ஏறக்குறைய இவ்வளவு:

தர்பூசணி – 30
பப்பாளி – 43
அன்னாசி – 50
கொய்யா – 68
வாழைப்பழம் – 89
டுரியான் – 147

பீடோர் வட்டாரத்தில் பெயர் பெற்ற கொய்யாவில் 100 கிராமுக்கு 5 கிராம் அளவு நார்ச்சத்து உண்டு. ஒரு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி இருப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வழக்கமான சாப்பாட்டைக் குறைக்காமல் பழத்தை மட்டும் கூட்டினால் எடை குறையாது. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இதையே கண்டனர். மாலை நேர கரிப்பாப்புக்குப் பதிலாக, இரண்டாம் முறை போடும் சோற்றுக்குப் பதிலாகப் பழம் வந்தால்தான் பலன் கிடைக்கும்.

எவ்வளவு சாப்பிடலாம்?

நாளுக்கு 2 பங்கு பழமும் 3 பங்கு காய்கறியும் உண்ணும்படி மலேசிய உணவு வழிகாட்டி சொல்கிறது. அரைக் கொய்யா, ஒரு துண்டு பப்பாளி, நடுத்தர ஆரஞ்சு ஒன்று, ஐந்து ரம்புத்தான் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று ஒரு பங்கு. 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறையில் தட்டின் கால் பாகம் சோறு, கால் பாகம் மீன் அல்லது கோழி, மீதி அரைப் பாகம் காய்கறியும் பழமும்.

கவனிக்க வேண்டியவை

* பழச்சாற்றைத் தவிர்ப்பது நல்லது. ஒரு கிளாஸுக்கு மூன்று, நான்கு ஆரஞ்சு தேவை; சர்க்கரை முழுதும் உள்ளே போகும், நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். முழுப் பழம் நீரிழிவு அபாயத்தைக் குறைப்பதோடும் பழச்சாறு அதைக் கூட்டுவதோடும் தொடர்புடையதாக 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.
* பாசார் மாலாமில் கொய்யாவுக்குத் தூவும் அசாம் போய் தூளில் உப்பு அதிகம். ரோஜாக் குழம்பில் சர்க்கரை அதிகம்.
* நீரிழிவு உள்ளவர்கள் பழத்தை அறவே விட வேண்டியதில்லை. இரண்டு பங்கையும் ஒரே வேளையில் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடலாம்.
* சிறுநீரக நோயாளிகள் பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சை அவர்களின் உடலால் வெளியேற்ற முடியாது, உயிருக்கே ஆபத்தாகலாம். வாழைப்பழம் போன்ற பொட்டாசியம் மிகுந்த பழங்களுக்கும் மருத்துவரின் ஆலோசனை தேவை.
* கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர்கள் தம்புன் லீமாவ் பாலியை அதிகம் உண்ணுமுன் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

விலை அதிகமான ஆப்பிளைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையில் காய்க்கும் பப்பாளியும் கொய்யாவுமே போதும். பசியாறும்போது இனிப்புப் பலகாரம் இருந்த இடத்தில் ஒரு துண்டு பப்பாளியை வைத்துத் தொடங்கலாம். அதோடு தைப்பிங் ஏரிப் பூங்காவில் தினமும் அரை மணி நேரம் நடந்தால், தோட்டத்தில் விட்டுவந்த உழைப்பில் கொஞ்சமாவது உடலுக்குத் திரும்பக் கிடைக்கும்.