பிரதித் திருத்தம் (தனித்தொழில்)

எழுதி முடித்த பிரதியை, எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லாமல், வேலைக்கு இவ்வளவு என்று பேசிச் செம்மைப்படுத்தித் தரும் தொழில். பேச்சில் ஃப்ரீலான்ஸ் எடிட்டிங் என்பார்கள். நாவலாசிரியர், ஆய்வு மாணவர், மசாலாத்தூள் உறையில் அச்சிடப் பத்து வரி கொண்டுவரும் சிறுதொழில் முனைவோர் எனப் பலரும் இதை நாடுகிறார்கள்.

பழந்தமிழ் நூல்களைப் பிழையறப் பதிப்பிக்கும் மரபை ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோர் வளர்த்தனர். சமகால எழுத்தாளரோடு உட்கார்ந்து பிரதியைச் செப்பனிடுவதைத் தமிழில் முறையாகச் செய்து காட்டியது, 1974இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய க்ரியா பதிப்பகம். 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும், மொழி அறக்கட்டளையின் தமிழ் நடைக் கையேடும் இத்தொழிலில் இருப்பவருக்கு இன்றியமையாதவை. அமெரிக்காவில் 1970 முதலும் பிரிட்டனில் 1988 முதலும் இத்தொழிலருக்குச் சங்கங்கள் உண்டு.

கதையின் அல்லது வாதத்தின் கட்டமைப்பைச் சீராக்குவது, வாக்கியங்களைச் செம்மைப்படுத்துவது, அச்சுக்கு முன் மெய்ப்புப் பார்ப்பது ஆகியவை வெவ்வேறு வேலைகள். மெய்ப்புக்குப் பேசிய கூலியில் மற்ற இரண்டையும் எதிர்பார்க்கும் வழக்கம் தமிழில் இன்னும் நீடிக்கிறது, அது நியாயமன்று.

தமிழில் அதிக நேரம் எடுப்பது ஒற்று. ‘தந்த பலகை’ என்றால் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தாலானது. இரண்டும் சரியான தொடர்களே. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி, நாவி போன்ற பிழைதிருத்திகள் பெரிதும் உதவுகின்றன. ஆனாலும் அந்த இடத்தில் எது பொருந்தும் என்பதை வாசிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். எழுத்துருச் சிக்கல் தனி. துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ‘ர’ தட்டப்பட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, தேடலிலும் அந்தச் சொல் அகப்படாது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றியபின் வரிவரியாகப் படித்தே ஆகவேண்டும்.

புனைவில் கைவைக்கும்போது கூடுதல் நிதானம் தேவை. கரிசல் காட்டுச் சம்சாரி பேசுவதை இலக்கணத் தமிழாக்கினால் பாத்திரமே செத்துவிடும். கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்கு அகராதியைப் பார்த்த பிறகும் ஐயம் இருந்தால், ஓரத்தில் குறித்து ஆசிரியரைக் கேட்பதே முறை.

சிறுதொழில் பிரதியில் நடையைவிட முக்கியம் தகவல். எடை, விலை, தொலைபேசி எண், காலாவதித் தேதி ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். ஒரே உறையில் தமிழும் ஆங்கிலமும் இருந்தால் இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். வடிவமைப்புக்குப் போகும் முன்பே திருத்தம் முடிவது நல்லது. இல்லாவிட்டால் வடிவமைத்த பக்கங்களைத் திரும்பக் கலைக்க வேண்டிவரும்.

கட்டணத்தைப் பக்கம், சொல், மணிநேரம் என எந்தக் கணக்கிலும் பேசலாம். ஆங்கிலத்தில் 250 சொற்களை ஒரு பக்கமாகக் கொள்வது பரவலான வழக்கம். வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்களுக்கு அந்த அளவு அப்படியே பொருந்தாது. சில பக்கங்களை மாதிரிக்குத் திருத்தி வாங்கிப் பார்த்துவிட்டு, வேலையின் எல்லை, எத்தனை சுற்று, முன்பணம், முடிக்கும் நாள் ஆகியவற்றை எழுத்தில் பதிந்துகொள்வது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. சொந்தச் செலவில் நூல் வெளியிடுவோர் தாள், அச்சு, அட்டை ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கும்போதே பிரதித் திருத்தத்துக்கும் ஒதுக்கிவிட வேண்டும்.