ஃபைல் இல்லாத ஃபைல்

மாதக் கணக்கை இணையத்திலிருந்து சிஎஸ்வி-யாக இறக்கி எக்செலில் திறந்திருப்பீர்கள். அந்த ஃபைல் சர்வரில் எங்கே இருந்தது? பல சமயம் எங்கேயுமே இல்லைங்க!

கதை பழசு. 1969-ல் தொடங்கி பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸில் டிஸ்க், டெர்மினல், பிரிண்டர் எல்லாமே ஃபைல் மாதிரிதான். புரோகிராம் எழுதிக்கொண்டே போகும். மறுமுனையில் யார் என்று கேட்காது. 1993-ல் வந்த சிஜிஐ-யிலும் இதே கதை: புரோகிராம் எழுதுவதை வெப் சர்வர் வாங்கி பிரவுசருக்கு அனுப்பும்.

2003-ல் பைத்தான் 2.3-ல் சிஎஸ்வி எழுதும் பகுதி சேர்ந்தது. அது கேட்டது ஒன்றுதான்: கொடுக்கிற பொருளுக்கு 'ரைட்' தெரியணும். 2005-ல், கன்சாஸ் செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் பிறந்த ஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க் வெளியானது. பிரவுசருக்குப் போகும் அதன் ரெஸ்பான்ஸுக்கும் 'ரைட்' கற்றுக்கொடுத்தார்கள். அவ்வளவுதான், இரண்டும் ஒட்டிக்கொண்டன.

நம்ம காசோலை மாதிரிதான். எந்த வங்கியுடையதானாலும் வடிவம் சரியாக இருந்தால் கிளியரிங்குக்குப் போகும்.

எனக்கு நிம்மதி தருவது வேறு. இடையில் தற்காலிக ஃபைல் தேவையில்லை. அதை அழிக்க மறந்து, யாரோ ஒருத்தர் கணக்கு சர்வரில் கிடக்குமே என்ற பயமும் இல்லை.