மறைந்திருக்கும் அளவுகோல்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முழுமைநோக்கு மாணவர் சேர்க்கை

மதிப்பெண்ணை மட்டும் பாராமல் ஒரு விண்ணப்பதாரரின் குடும்பச் சூழல், பள்ளியின் தரம், ஆர்வம், ஆளுமை என அனைத்தையும் சேர்த்து எடைபோடும் முறையை முழுமைநோக்குச் சேர்க்கை என்கிறோம். பலதரப்பட்ட மாணவர்களை ஒரே வளாகத்தில் சேர்ப்பதற்கான வழியாக அமெரிக்கக் கல்வியாளர்கள் இதை முன்வைக்கின்றனர். ஆனால் இதன் பிறப்பு நேர்மாறான நோக்கத்திலிருந்து வந்தது. 1900இல் ஹார்வர்டின் புதுமுக மாணவர்களில் சுமார் 7 விழுக்காடாக இருந்த யூதர்கள், 1922க்குள் 20 விழுக்காட்டைத் தாண்டினர். அவர்களுக்கு 15 விழுக்காடு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்றார் அன்றைய தலைவர் ஏ. லாரன்ஸ் லோவெல். வெளிப்படையான அந்த வரம்பை ஆசிரியர்கள் ஏற்கவில்லை. 1926இல் அதே காரியம் வேறு வழியில் நடந்தது. குணநலனும் பொருத்தப்பாடும் தேர்வு அளவுகோல்களாயின. விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்கப்பட்டது. தந்தையின் பெயர் எப்போதாவது மாற்றப்பட்டதா என்ற கேள்வி அதற்கு முன்பே விண்ணப்பத்தில் இடம்பிடித்திருந்தது. யூதர் விகிதம் சரிந்தது. ஜெரோம் காரபெல் 2005இல் வெளியிட்ட ‘தி சோசன்’ என்ற நூலில் இந்த வரலாற்றை ஆவணங்களோடு விரித்துரைத்துள்ளார்.

பிறப்பு இழிவானது என்பதாலேயே ஒரு முறை இழிவானதாகிவிடாது. விலக்குவதற்காகச் செய்த கருவியைச் சேர்ப்பதற்கும் பயன்படுத்தலாம். 1960களின் பிற்பகுதியிலிருந்து அப்படியே பயன்படுத்தவும் செய்தார்கள். இக்கட்டுரையின் வாதம் வேறு. அந்தக் கருவியின் ஆற்றல் அதன் மறைவில் இருக்கிறது. அமெரிக்க நீதிமன்றங்கள் கண்ணுக்குத் தெரியும் முன்னுரிமையைத் தண்டித்து, தெரியாததை அனுமதித்தன. அந்த மறைவில் கறுப்பின மாணவர்களைவிட உறுதியாகக் காலூன்றியது பரம்பரைச் செல்வம்.

1978இல் வந்த பாக்கி வழக்கிலேயே இது தொடங்கிவிட்டது. கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியிருந்தது. அந்த ஒதுக்கீடு செல்லாது, ஆனால் பல கூறுகளில் ஒன்றாக இனத்தைக் கருதலாம் என்றார் உச்ச நீதிமன்ற நீதிபதி பவல். அதற்கு அவர் முன்மாதிரியாகக் காட்டியது ஹார்வர்டின் திட்டத்தைத்தான். அதன் விளக்கத்தைத் தீர்ப்போடு பின்னிணைப்பாகவும் சேர்த்தார். லோவெல் காலத்து ஏற்பாட்டின் வாரிசு அரசமைப்புச் சட்டத்தின் அங்கீகாரம் பெற்றது இப்படித்தான்.

2003இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மீது ஒரே நாளில் வந்த இரு தீர்ப்புகள் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கவை. அங்கு இளநிலைப் படிப்புக்கு 150 புள்ளிகள் கொண்ட அட்டவணை இருந்தது. 100 எடுத்தால் இடம் உறுதி. பிரதிநிதித்துவம் குறைந்த சிறுபான்மையினருக்கு 20 புள்ளி. வறிய பின்னணியினருக்கும், விளையாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கும் அதே 20. மாநிலத்தவருக்கு 10, முன்னாள் மாணவரின் பிள்ளைக்கு 4. பொதுத் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றால்கூட 12தான். இந்த அட்டவணையை கிராட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6–3 என ரத்து செய்தது. அதே பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி எந்தப் புள்ளியும் இடாமல் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே பரிசீலிப்பதாகச் சொன்னது. கிரட்டர் வழக்கில் நீதிமன்றம் அதை 5–4 என ஏற்றது. கிராட்ஸ் வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி கின்ஸ்பர்க், செய்வதை ஒளிக்காமல் செய்வதே மேல் என்ற பொருள்பட எழுதினார். அவர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கணிப்பு. 20 புள்ளி மிகையா என்று வாதிடலாம், குறைக்கச் சொல்லலாம். முன்னாள் மாணவரின் பிள்ளைக்கு எதற்கு 4 என்றும் கேட்கலாம். எண்ணே இல்லாத இடத்தில் எதைக் கேட்பது? கட்-ஆஃபும் தரவரிசைப் பட்டியலும் நாளிதழில் வந்து பழகிய தமிழ் வாசகருக்கு, எண்ணை வெளியிட்டவர் தோற்று வெளியிடாதவர் வென்ற இந்த நீதி விசித்திரமாகத்தான் படும்.

எண் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பது, ஆசிய அமெரிக்கருக்கு எதிராகப் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்டு மீது தொடுக்கப்பட்ட வழக்கில் உள்ளாவணங்கள் வெளிவந்த பிறகே தெரிந்தது. பொருளியலாளர் பீட்டர் ஆர்சிடியாகோனோவும் கூட்டாளிகளும் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, சேர்க்கப்பட்ட வெள்ளை மாணவர்களில் 43 விழுக்காட்டினருக்கும் மேல் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர் பிள்ளைகள், நன்கொடையாளர் முதலியோரைக் கொண்ட சேர்க்கைத் துறைத் தலைவரின் சிறப்புப் பட்டியலில் இருந்தவர்கள், ஊழியர் பிள்ளைகள் ஆகிய நான்கு வகைக்குள் அடங்கினர். கறுப்பினத்தவர், ஆசியர், ஹிஸ்பானியர் ஆகியோரிடையே இது 16 விழுக்காட்டுக்கும் கீழ். அந்த வெள்ளை மாணவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு, சலுகை இல்லையெனில் இடம் கிடைத்திராது என்று அவர்கள் கணித்தனர். (ஆர்சிடியாகோனோ வழக்குத் தொடுத்தவர்கள் தரப்பின் நிபுணர் சாட்சி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.) ஆளுமைக்கான மதிப்பீட்டில் ஆசிய அமெரிக்கர் சராசரியாகப் பின்தங்கியதும் அப்போதுதான் வெளிப்பட்டது. யூதரை வடிகட்டிய குணநலன் சல்லடையின் சாயலை அதில் பலர் கண்டதில் வியப்பில்லை. இவ்வழக்கோடு தொடர்பில்லாத, பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவின் 2023ஆம் ஆண்டு ஆய்வும் இதே திசையில் செல்கிறது. தேர்வு மதிப்பெண் சமமாக இருந்தும், உச்ச 1 விழுக்காட்டுச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஐவி-பிளஸ் எனப்படும் உச்சநிலைக் கல்லூரிகளில் சேர்ந்து படிக்கும் வாய்ப்பு நடுத்தர வர்க்கப் பிள்ளையைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

2023 ஜூன் 29 அன்று அந்த ஹார்வர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், மாணவர் சேர்க்கையில் இன அடிப்படையிலான முன்னுரிமையை முடிவுக்குக் கொண்டுவந்தது. தன் வாழ்வில் இனம் எப்படிக் குறுக்கிட்டது என்று மாணவர் கட்டுரையில் எழுதலாம் என ஒரு சாளரத்தை மட்டும் திறந்து வைத்தது. முன்னாள் மாணவர் பிள்ளைகளின் சலுகையை அத்தீர்ப்பு அகற்றவில்லை.

அந்தச் சலுகையை நீக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? எம்.ஐ.டி. அதை வழங்குவதில்லை. தேர்வைக் கட்டாயமற்றதாக்கினால் வசதியில்லாத பள்ளிகளின் திறமைசாலிகளே கண்ணில் படாமல் போகிறார்கள் என்று வாதிட்டு, 2022இல் எஸ்.ஏ.டி. போன்ற பொதுத் தேர்வையும் மீண்டும் கட்டாயமாக்கிய நிறுவனம் அது. அப்படியிருந்தும், தீர்ப்புக்குப் பிந்தைய முதல் சேர்க்கையில் அங்கு கறுப்பின மாணவர் பங்கு சுமார் 13 விழுக்காட்டிலிருந்து 5 ஆக வீழ்ந்தது. மிச்சிகன் மாநிலம் 2006இல் வாக்கெடுப்பின் மூலம் இன முன்னுரிமையைத் தடை செய்தபின், அதன் முதன்மைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைக் கறுப்பின மாணவர் பங்கு 2021க்குள் சுமார் 7 விழுக்காட்டிலிருந்து 4 ஆனது. வர்க்கத்தைக் கணக்கில் எடுத்தால் இனம் தானாக உள்ளடங்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு இவ்விரண்டும் இடம் தரவில்லை.

ஆயினும் வெளிப்படையான விதி சிலவற்றைச் சாதிக்கும். ஒவ்வொரு பள்ளியின் முதல் பத்து விழுக்காட்டினருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் என்று டெக்சாஸ் 1997இல் சட்டம் இயற்றியது. பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடப்பதையே மூலதனமாகக் கொண்ட சட்டம் அது என்பது உண்மை; இருப்பினும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தையே பார்த்திராத சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் அது வழி திறந்தது. 2014இல் முன்னாள் மாணவர் சலுகையைக் கைவிட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸில், கூட்டரசின் பெல் உதவித்தொகைக்குத் தகுதியான வறிய மாணவர் பங்கு அதையொட்டிய பத்தாண்டுகளில் 9 விழுக்காட்டிலிருந்து 19 ஆக உயர்ந்தது. சலுகை நீக்கம் மட்டுமே காரணமல்ல. நிதியுதவி பெருகியதும் சேர்ந்தது.

ஆகவே, முழுமைநோக்கைக் கைவிட வேண்டியதில்லை. மூன்று உயர்நிலைப் பாடங்களே உள்ள பள்ளியில் மூன்றையும் படித்தவளைப் பன்னிரண்டு உள்ள பள்ளி மாணவனோடு ஒப்பிட, மனிதர் ஒருவர் விண்ணப்பத்தைப் படித்தாக வேண்டும். ஆனால் எந்தக் கூறுக்கு எவ்வளவு எடை, எந்த வகையினர் எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதை ஆண்டுதோறும் வெளியிடாத நிறுவனம், பன்மையின் பெயரால் நீதிமன்றத்திடமும் சமூகத்திடமும் நம்பிக்கை கோர முடியாது என்பதே என் முடிவு. வெளிப்படுத்தலையே கருவியாக்கிய ஒரு முயற்சியும் உண்டு. மாநில அரசின் உதவித்தொகை பெறும் தனியார் கல்லூரிகளிலும் முன்னாள் மாணவர், நன்கொடையாளர் சலுகைகளைத் தடை செய்யும் சட்டத்தை 2024 செப்டம்பரில் கலிபோர்னியா இயற்றியது. அதை மீறினால் அபராதம் இல்லை. நிறுவனத்தின் பெயர் வெளியிடப்படும். ஸ்டான்ஃபோர்டு அந்தச் சலுகையைத் தொடர்வதற்காக மாநில அரசின் மாணவர் உதவித்தொகைத் திட்டத்திலிருந்தே விலகிக்கொண்டது.