வெப்பமண்டல ஏரிகளில் நுண்பாசிகள்: பேத்தமங்களா நீரை முடிவு செய்வது எது?

பேத்தமங்களா: கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் வழங்க ஆங்கிலேயர் காலத்தில் நீர்வழங்கல் நிலையம் அமைக்கப்பட்ட ஊர் பேத்தமங்களா. பாலாற்றின் குறுக்கே அமைந்த இதன் பழமையான ஏரிக்கு மழையே ஆதாரம். இத்தகைய நீர்த்தேக்கங்களில் எவ்வகை நுண்பாசிகள் பெருகும் என்பதை நீர்மட்டம், ஒளி, வெப்பம், நீரிலுள்ள சத்துகள் ஆகியவை சேர்ந்து தீர்மானிக்கின்றன.

கண்ணுக்குப் புலப்படாத இம்மிதவைத் தாவரங்கள்தாம் ஏரி மீன்களின் உணவுச் சங்கிலிக்கு அடித்தளம். குளிர்நாடுகளில் அவற்றின் பெருக்கத்தை வெப்பநிலையும் பகல் நேரமும் நெறிப்படுத்துகின்றன. வெப்பமண்டலத்திலோ நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருப்பதால், மழையே பருவத்தை வகுக்கிறது.

கோலார் பகுதியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. மழைவெள்ளம் மண்ணைக் கரைத்துக் கொணர்வதால் ஏரி நீரில் ஒளி புகுவது குறைகிறது. பாசிகளில் ஒரு பகுதி மறுகால் வழியே வெளியேறுகிறது. நீர் சுழன்று கலங்கும்போது சிலிக்கா ஓடுடைய டயாட்டம்கள் தழைக்கும். நீர் அசைவற்றுப்போனால் ஓட்டின் கனத்தால் அவை அடியில் படிந்துவிடும்.

கோடையில் நிலைமை தலைகீழாகிறது. நீர் வற்றுவதால் பாஸ்பரஸ் செறிவு உயர்கிறது. அடிச்சேற்றிலிருந்தும் அது வெளிப்படுகிறது. காற்றடங்கிய வெப்ப நாட்களில் நீலப்பசும்பாசிகள் மேலோங்குகின்றன. அவற்றுள் மைக்ரோசிஸ்டிஸ், தன்னுள் இருக்கும் நுண்ணிய வாயு அறைகளால் மேலே மிதந்து, கீழுள்ள பாசிகளுக்கு ஒளி கிடைக்காமல் செய்கிறது. அனபீனாவோ நைட்ரஜன் குறைந்தாலும் கவலையின்றிக் காற்றிலுள்ள நைட்ரஜனையே பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே பாஸ்பரஸைக் குறைக்காமல் நைட்ரஜனை மட்டும் கட்டுப்படுத்துவதால் பெரும்பயன் இல்லை.

நீலப்பசும்பாசிகள் அனைத்தும் நஞ்சல்ல. சத்துணவாக விற்கப்படும் ஸ்பைருலினாவும் அவ்வினமே. ஆனால் மைக்ரோசிஸ்டிஸ் வெளியிடும் மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும். நீரைக் கொதிக்கவைத்தாலும் அழியாது. குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பதே உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு. 1996-ல் பிரேசிலின் கரூவாரு நகரில், முறையாகச் சுத்திகரிக்கப்படாத நீர்த்தேக்க நீரைக் கொண்டு டயாலிசிஸ் செய்யப்பட்ட நோயாளிகளில் 50-க்கும் மேற்பட்டோர் இந்நஞ்சால் உயிரிழந்தனர்.

கோலார் மாவட்டத்தில் இவ்விஷயம் தனிக்கவனம் பெறுவதற்குக் காரணம் உண்டு. பெங்களூருவின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர், கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின் கீழ் 2018 முதல் இம்மாவட்ட ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. வறண்ட ஏரிகளை நிரப்பி நிலத்தடி நீரை உயர்த்துவதே திட்டத்தின் நோக்கம். எனினும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் முழுமையாக நீக்குவதில்லை. அவ்வாறு எஞ்சும் சத்துகளே கோடையில் நீலப்பசும்பாசிகளுக்கு உரமாகின்றன.