ஸௌ-இன்: ஒரு மாதத்தின் பெயர்

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேரப்பிள்ளைகள் உள்ள நண்பர்களுக்கு ஹாலோவீன் பற்றித் தெரிந்திருக்கும். அக்டோபர் 31 மாலை பிள்ளைகள் பேய் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கி வருவார்கள். வாசலில் குடைந்த பூசணிக்காய்க்குள் விளக்கு எரியும். இதன் வேர் அயர்லாந்தில் இருக்கிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படி எழுதும்போது அந்தப் பழைய விழாவின் பெயரைச் 'சம்ஹெய்ன்' என்று சொல்லி, அது கெல்ட் மக்களின் மரண தேவனுடைய பெயர் என்றும் சேர்த்துவிடுகிறார்கள். உச்சரிப்பும் தவறு, தேவனும் தவறு. இரண்டு தவறுகளும் அந்த மொழியை வெளியிலிருந்து பார்த்ததால் வந்தவை.

முதலில் உச்சரிப்பு. நாம் 'ஸௌக்கியமா?' என்று கேட்கிறோமே, அந்த 'ஸௌ'வோடு ஒரு 'இன்' சேர்த்தால் போதும்: ஸௌ-இன். எழுத்தில் 'எம்', 'எச்' இரண்டும் நடுவில் நிற்கின்றன. ஆனால் மகர ஒலி இல்லை. ஐரிஷ் மொழியில் மெய்யொலிகள் சில இடங்களில் மென்மையாகும். மகரம் அப்படி மென்மையானால் வகரம் போல ஒலிக்கும். பழைய ஐரிஷ் அச்சில் இதைக் காட்ட எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பள்ளிப் புத்தகங்கள் சாதாரண ரோமன் அச்சுக்கு மாறியபோது, புள்ளி போய் அதன் இடத்தில் 'எச்' வந்தது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அந்த 'எச்'சைத் தனி எழுத்தாக எண்ணிப் படித்தார்கள். பக்கத்தில் உள்ள மான் தீவின் மொழியும் ஐரிஷுக்கு உறவுதான். அங்கே இதே சொல்லை எஸ், ஏ, யு, ஐ, என் என்ற ஐந்தே எழுத்தில், ஏறக்குறைய காதில் விழுகிறபடியே எழுதுகிறார்கள்.

அடுத்து பொருள். இடைக்கால ஐரிஷ் நூலோர் 'ஸம்' என்றால் கோடை, மற்றது முடிவு. ஆகவே 'கோடையின் முடிவு' என்று விளக்கினார்கள். இன்றைய மொழியியலாளர்கள் எல்லோரும் இதை ஏற்பதில்லை. 'கூட்டம்' என்ற பொருளுடைய வேர்ச்சொல்லைக் காட்டுவோரும் உண்டு. தேவன் எங்கிருந்து வந்தான்? 18ஆம் நூற்றாண்டில் சார்லஸ் வலன்சி என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர், ஐரிஷ் மொழியைப் பினீசியர் மொழியோடு முடிச்சுப் போட்டுப் பல நூல்கள் எழுதினார். இந்தச் சொல் ஒரு தெய்வத்தின் பெயர் என்றவர் அவர். பழைய ஐரிஷ் இலக்கியத்தில் அப்படி ஒரு மரண தேவன் கிடையாது. ஆனாலும் அவர் சொன்னது புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குத் தாவி இன்றுவரை வாழ்கிறது.

உண்மையில் இது மாடு மேய்ப்பவர்களின் நாள். மே முதல் தேதி மாடுகளை மலைப்புல்வெளிக்கு ஓட்டிப் போவார்கள். அங்கேயே குடிசை போட்டுத் தங்கிப் பால் கறந்து வெண்ணெய் எடுப்பார்கள். நவம்பர் முதல் தேதியோடு புல் ஓய்ந்துவிடும். மந்தை கீழே இறங்கும். குளிர்காலம் முழுக்கத் தீனி போட முடியாத மாடுகளை வெட்டி இறைச்சியை உப்பிட்டு வைப்பார்கள். பிற்காலத்திலும் நிலக் குத்தகைப் பணம் கட்டுவதற்கு மே, நவம்பர் இரண்டும்தான் தவணை.

அவர்களுக்கு நாள் என்பது மாலையில் தொடங்குவது. அதனால்தான் விழா அக்டோபர் 31 அந்தியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பழங்கதை ஒன்று முன்னே மூன்று நாள், பின்னே மூன்று நாள் என ஏழு நாள் விருந்தைச் சொல்கிறது. அந்த இரவில் பழைய மண்மேடுகள் திறந்து அவற்றுள் வாழும் மாய மக்கள் வெளியே வருவார்கள் என்பதும் கதைகளில் வருகிறது. மீத் மாவட்டத்தில் உள்ள தாரா குன்றில் சுமார் 5,000 ஆண்டுப் பழமையான கல்லறை மேடு ஒன்று உண்டு. நவம்பர் தொடக்கத்தில் உதயசூரியனின் ஒளி அதன் உள்வழியில் விழுகிறது.

கிறிஸ்தவ சபை நவம்பர் 1ஐ அனைத்துப் புனிதர் திருநாளாக வைத்தது; 835இல் பிராங்கியப் பேரரசர் லூயியின் நாடெங்கும் அது பரவியது. நவம்பர் 2 இறந்தோர் நினைவுநாளாயிற்று. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூவும் மெழுகுவத்தியும் வைக்கும் கல்லறைத் திருநாள் அதுதான். ஹாலோவீன் என்ற ஆங்கிலப் பெயருக்கும் 'புனிதர் திருநாளுக்கு முந்திய மாலை' என்பதே பொருள்.

1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். ஐரிஷ் பேசிய ஏழைக் கிராமங்கள்தாம் அதிகம் காலியாயின. ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அமெரிக்காவில் பூசணி எளிதாகக் கிடைக்கவே அதைக் குடைந்தார்கள். வழக்கம் கடல் கடந்து செழித்தது. சொல் அவ்வளவாகக் கூடப் போகவில்லை. அதனால்தான் பிறகு அதை எழுத்தைப் பார்த்துப் படிக்க வேண்டியதாயிற்று.

அயர்லாந்தில் அந்தச் சொல்லுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஐரிஷ் வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை நவம்பர் மாதத்தை இன்றும் 'மீ ந ஸௌன', அதாவது ஸௌ-இன் மாதம் என்றுதான் நோட்டில் எழுதுகிறது. அந்தப் பிள்ளையிடம் போய் இது மரண தேவனின் பெயர் என்றால், நம்மிடம் யாரோ வந்து ஐப்பசி ஒரு பேயின் பெயர் என்று சொன்னது போலத்தான் இருக்கும்.