கிசுகிசுத்தலும் பிசுமாத்தும்: ஒலிக்குறிப்புச் சொற்களும் ஒலிமாற்ற விதியும்

தாழ்குரலில் பேசுதலை ஆங்கிலம் ‘விஸ்பர்’ என்னும் வினையால் குறிக்கும். பழைய ஆங்கிலத்திலேயே வழங்கிய இவ்வினை ஒலிக்குறிப்பிற் பிறந்தது என்பர் சொற்பிறப்பியலார். இதே பொருளில் தமிழ் ‘கிசுகிசுத்தல்’ என்றும், மைசூர் வட்டாரம் உள்ளிட்ட கன்னட நாடு ‘பிசுமாத்து’ என்றும் வழங்குகின்றன. இம்மூன்றிலும் உரசொலி அமைந்திருத்தலைக் கொண்டு இவற்றை ஒருவேர்ச் சொற்கள் எனல் பொருந்தாது. குரல்நாண் அதிராத பேச்சின் ஓசையைச் செவி மூவிடத்தும் தனித்தனியே பற்றியதன் விளைவே இவ்வொற்றுமை.

இசை, குறிப்பு, பண்பு ஆகியவற்றின் அடிப்படையில் உரிச்சொல் தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. இரட்டைக்கிளவி பிரிந்து பொருள் தாராது என்பதையும் அவர் கிளவியாக்கத்துள் வரையறுத்துள்ளார். எனினும் இச்சொற்கள் ஒலிமாற்றத்திற்கு உட்படுமா என்னும் வினா இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவுற எழுந்தது.

கன்னடத்தில் சொன்முதற் பகரம் ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டு முதல் ஹகரமாகத் திரியத் தொடங்கிற்று. தமிழின் பால், புலி, பத்து என்பன அங்கு ஹாலு, ஹுலி, ஹத்து என வழங்கும். ஆயின் ‘பிசுமாத்து’, ‘படபட’ ஆகியன பகரம் மாறாது நிற்கின்றன. தமிழிலோ இ, எ முதலிய முன்னுயிர்களின் முன் நின்ற ககரம், அடுத்து வளைநாவொலி வாராதபோது, சகரமாயிற்று. கன்னடக் கிவி, கேரி தமிழில் செவி, சேரி ஆயின. ஆனால் கிசுகிசு ‘சிசுசிசு’ ஆகவில்லை. ஆனைச்சாத்தன் பறவையின் ஒலியாகத் திருப்பாவையில் வரும் ‘கீசுகீசு’ என்பதும் ககரத்தோடே உள்ளது.

இத்தகைய எதிர்ப்பைத் திராவிட மொழிகளில் இ. அண்ணாமலை 1968இல் எடுத்துரைத்தார். அவர் பின்னாளில் மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் இயக்குநரானார். அந்நிறுவனம் தோன்றிய 1969ஆம் ஆண்டிலேயே எமனோ, இரட்டித்த ஒலிக்குறிப்புச் சொற்கள் குடும்ப எல்லை கடந்து இந்திய மொழிகளுக்குப் பொதுவாதலைத் தம் கட்டுரையில் நிறுவினார்.

இச்சொற்கள் பழைய ஒலியைக் காத்து நின்றனவா, மாற்றம் முடிந்தபின் செவிவழிப் புதிதாய் ஆக்கப்பட்டனவா என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தறிய வேண்டும். பழைய ஆட்சி கிடைத்தாலன்றி இதனைத் துணிதல் இயலாது. ஆகவே ஒலிமாற்றத்தின் காலத்தைக் கணிக்கவோ மொழியுறவை நாட்டவோ ஒலிக்குறிப்புச் சொற்களை மட்டும் சான்றாக்கல் பிழையாகும். ஆயினும் மொழிகள் பல நூற்றாண்டு அண்டை வாழ்ந்தமைக்கு இரட்டித்து ஆக்கும் அப்பொது முறை தக்க சான்றாகும்.